மலையே இல்லாத ஊரில் மண் சரியுமா?

வாசகர் கேள்வி – பதில்

தொண்டி முதல் வாலிநோக்கம் வரை உள்ள கடற்கரை வாசகர்கள் இந்த முறை நில அதிர்வையும் மண்சரிவையும் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். மண்ணியலிலும் அணைக்கரைப் பொறியியலிலும் பழக்கமுள்ள எங்கள் குழுவினர் பதில் சொல்கிறார்கள்.

எங்கள் பக்கம் ஏறி நின்று பார்க்க ஒரு குன்றுகூடக் கிடையாது. நில அதிர்வு வந்தால் சரிவுகள் சரியும் என்று பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். நமக்கு எதற்கு இந்தக் கவலை?
— வாசகர், தேவிபட்டினம்

மலை வேண்டியதில்லை, சரிவு இருந்தால் போதும். கண்மாய்க்கரை ஒரு சரிவு. ஊருணியின் உள்கரை, உப்பளத்துப் பெருவரப்பு, பாலத்துக்கு ஏறும் சாலையின் மண்மேடு, அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழியின் பக்கச்சுவர் எல்லாமே சரிவுகள்தான்.

கண்ணுக்குச் சமதளமாகத் தெரிகிற நிலமும் சில சமயம் ஓடிவிடும். இந்தோனேசியாவில் சுலவேசித் தீவின் பாலு நகரத்தை 2018 செப்டம்பர் 28 அன்று 7.5 அளவு அதிர்வு தாக்கியது. அங்கே பெட்டோபோ, ஜோனோ ஓகே என்ற குடியிருப்புகள் வீடும் தோப்புமாக நூற்றுக்கணக்கான மீட்டர் நகர்ந்து போயின. அந்த நிலத்தின் சாய்வு நூறு அடிக்கு ஐந்து அடிகூட இல்லை. மேட்டில் பாசனக் கால்வாய், கீழே நெல்வயல், நடுவே பல காலமாக நீர் ஊறிக் கிடந்த மணல். ஆட்டத்தில் அந்த மணல் கூழாகிவிட்டது.

அளவு மீறிப் பயப்படவும் வேண்டாம். கட்டுமானங்கள் நில அதிர்வைத் தாங்குவதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1893 (இது ஆண்டல்ல, விதித்தொகுப்பின் எண்). அதன் 2016 பதிப்பில் ராமநாதபுரம் மாவட்டம் இரண்டாம் நில அதிர்வு மண்டலத்தில் இருக்கிறது. அந்தப் பதிப்பில் அதுதான் மிகக் குறைந்த மண்டலம். அதற்கான மண்டலக் காரணி, அதாவது ஆட்டத்தின் வலிமையைக் கணக்கிட எடுக்கும் எண், 0.10. குஜராத்தின் கட்ச் இருக்கும் ஐந்தாம் மண்டலத்துக்கு 0.36. ஆகவே உங்கள் கரைகளுக்கு முதல் எதிரி ஐப்பசி, கார்த்திகை மழைதான். ஆனால் மழையில் உடைகிற கரையும் அதிர்வில் சரிகிற கரையும் ஒரே குறைகளால்தான் போகின்றன. ஒன்றுக்குச் செய்யும் மராமத்து மற்றதற்கும் ஆகும்.

நிலம் ஆடினால் சரிவு சரிகிறது என்கிறார்கள். சரியாக என்ன நடக்கிறது? கணக்கோடு சொன்னால் நல்லது.
— பிளஸ் டூ மாணவி, உச்சிப்புளி

கணக்கோடு கேட்டதற்குப் பாராட்டு. முதலில் சுளகை எடுங்கள். அரிசியைப் பரப்பி மெல்லச் சாய்த்தால் ஒரு சாய்வு வரை அரிசி நிற்கும், காரணம் மணிகளுக்கு இடையிலுள்ள உராய்வு. சாய்வை மாற்றாமல் ஓர் உலுக்கு உலுக்கினால் கொஞ்சம் இறங்கி நின்றுவிடும். மறுபடி உலுக்கினால் மறுபடி கொஞ்சம் இறங்கும்.

அதிர்வில் நிலம் பக்கவாட்டில் முன்னும் பின்னும் போகிறது. சரிவில் இருக்கும் மண் முழுவதிலும் ஒரு பக்க விசை ஏறுகிறது. அது பள்ளத்தை நோக்கித் திரும்பும் அந்த அரை நொடியில் மண்ணைக் கீழே இழுக்கும் விசை கூடுகிறது. கூடவே மண்ணைச் சரிவின்மேல் அழுத்திவைத்திருக்கும் விசை குறைவதால் உராய்வும் குறைகிறது. அடுத்த அரை நொடியில் விசை எதிர்ப்பக்கம் திரும்பியதும் நகர்ந்த மண் நின்றுவிடும், ஆனால் பழைய இடத்துக்கு ஏறிப் போகாது. இப்படி ஒவ்வோர் உலுக்கலிலும் சேரும் நகர்வைக் கூட்டிப் பார்க்கும் முறையை நியூமார்க் என்ற பொறியாளர் 1965இல் வகுத்துக் கொடுத்தார். அணைக்கரைகளுக்கு இன்றும் அந்தக் கணக்கைப் போடுகிறார்கள்.

இனி எண்கள். பிடித்து நிறுத்தும் விசையைக் கீழே இழுக்கும் விசையால் வகுத்தால் வருவது பாதுகாப்பு எண். 1க்குக் கீழே போனால் சரிவு நிற்காது. உராய்வுக் கோணம் (மணிகளின் உராய்வு எவ்வளவு என்று காட்டும் அளவு) 35 பாகை உள்ள ஈரமற்ற மணலை எடுத்துக்கொள்வோம். ஓர் அடி உயரத்துக்கு இரண்டடி படுக்கை (கிடைமட்ட நீளம்) விட்ட சரிவில் பாதுகாப்பு எண் 1.4. படுக்கையை ஒன்றரை அடியாகக் குறைத்தால் 1.05, மூன்றடியாகக் கூட்டினால் 2.1. புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கு பக்க விசை கொடுத்தால் ஒன்றரை அடிச் சரிவு 0.85க்கு இறங்கி நகர்ந்துவிடும். இரண்டடிச் சரிவு 1.1இல் தாக்குப்பிடிக்கும், மூன்றடிச் சரிவுக்கு 1.56 மிஞ்சும்.

இப்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அதே இரண்டடிச் சரிவில் மேல்மட்டம் வரை தண்ணீர் ஊறிச் சரிவுக்கு இணையாகக் கசிவதாக வையுங்கள். பாதுகாப்பு எண் ஏறக்குறைய பாதியாகும், அதாவது 0.7. அதிர்வு 1.4ஐ 1.1 ஆக்கியது. தண்ணீர் அதையே 0.7 ஆக்குகிறது. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இந்த இரண்டு எண்களை நினைவில் வையுங்கள். களிமண்ணில் உராய்வோடு ஒட்டும் தன்மையும் சேருவதால் எண்கள் மாறும், போக்கு மாறாது.

நீரும் ஆட்டமும் சேர்ந்து வந்தால் இன்னொரு வினை உண்டு. படியில் நெல் அளக்கும்போது விளிம்பில் தட்டினால் நெல் இறங்கி இடம் விடும் அல்லவா? தளர்வாகக் கிடக்கும் மணலும் ஆட்டத்தில் அப்படியே நெருங்கப் பார்க்கும். இடைவெளியில் காற்று இருந்தால் வெளியே போய்விடும். தண்ணீர் இருந்தால் சில நொடிக்குள் எங்கே போகும்? அது மாட்டிக்கொண்டு அழுத்தம் ஏறுகிறது. மேலிருக்கும் பாரத்தை மணலுக்குப் பதிலாகத் தண்ணீரே தாங்க ஆரம்பிக்கிறது. துகளும் துகளும் தொடாவிட்டால் உராய்வு எங்கிருந்து வரும்? மணல் கூழாகிறது. பாலுவில் நடந்தது இதுதான்.

எந்த அளவு அதிர்வு வந்தால் சரிவுகள் சரிய ஆரம்பிக்கும்?
— வாசகர், திருப்புல்லாணி

உலகெங்கும் நடந்தவற்றைத் தொகுத்து கீஃபர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் சொன்ன கீழ்வரம்பு ஏறத்தாழ 4.0. அந்த அளவில் ஏற்கெனவே தளர்ந்து தொங்கும் கல்லும் மண்ணும்தான் விழும். மணல் கூழாக வேண்டுமென்றால் பொதுவாக 5க்கு மேல், அதுவும் பக்கத்தில் வர வேண்டும்.

எங்கள் பெரிய கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்பார்கள். மார்கழியில் நிறைந்து நிற்கும்போது நிலம் ஆடினால் எந்தப் பக்கம் சரியும்? முன்கூட்டி என்ன பார்க்க வேண்டும்?
— விவசாயி, ராஜசிங்கமங்கலம்

இரண்டு பக்கமும் சரியலாம், காரணம் வேறு வேறு. வெளிச்சரிவு போவது கசிவால். கண்மாய் நிறைந்த சில வாரத்தில் கரைக்குள் ஊறிய நீர் வெளிச்சரிவில் எந்த உயரத்தில் தலைகாட்டுகிறது என்பதே கேள்வி. அடியில் கசிந்தால் பரவாயில்லை. கரையின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நசநசப்பு இருந்தால் மேலே சொன்ன 1.4, 0.7 கணக்கு அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

உள்சரிவு போவது அதன் அடிமண்ணால். 1971 பிப்ரவரி 9 அன்று கலிபோர்னியாவின் சான் பெர்னாண்டோவில் 6.6 அளவு அதிர்வு வந்தபோது, ஒரு பழைய மண் அணையின் நீர்ப்பக்கச் சரிவு கரையின் தலையையும் இழுத்துக்கொண்டு நீருக்குள் போனது. மீந்த மண்ணுக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே இருந்தது ஒன்றரை மீட்டர்தான். கீழே இருந்த சுமார் 80,000 பேரை வெளியேற்றினார்கள். அந்த அணையைக் கட்டியவர்கள் மண்ணை நீரோடு கலந்து பாய்ச்சிப் படியவிட்டிருந்தார்கள். உருளை ஓட்டி இறுக்கவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: கரை போனது ஆட்டத்தின் நடுவில் இல்லை, ஆட்டம் நின்று அரை நிமிடம் கழித்து. “ஆட்டம் நின்றுவிட்டது, கரையில் ஏறிப் பார்ப்போம்” என்று உடனே ஓடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் நாட்டில் 2001 ஜனவரி 26இல் கட்ச் அதிர்வின்போது சாங், தப்பர், ஃபதேகட், சுவி போன்ற மண் அணைகள் பிளந்தும் அமிழ்ந்தும் போயின. பஞ்ச காலம், நீர்த்தேக்கங்களில் தண்ணீர் மிகக் குறைவு, அதனால் பெருவெள்ளம் வரவில்லை. ஆனால் மேலே காய்ந்திருந்தாலும் நீர்ப்பக்கத்து அடிமண்ணில் ஈரம் ஊறியே கிடந்தது, அது கூழானது. கண்மாய் வற்றிவிட்டது என்பதால் கரையடி காய்ந்துவிட்டது என்று பொருளில்லை.

இனி பார்க்க வேண்டியவை. மாசி, பங்குனியில் சுற்றுமுற்றும் காய்ந்து கிடக்க, வெளிக்கரை அடியில் மட்டும் கோரையும் பச்சைப் புல்லும் இருக்கிற இடத்தில் முளை அடித்துவையுங்கள். கசிவுப் பாதை அங்கேதான். சீமைக்கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது. வேர் மட்கிய துளை கரைக்குள் ஒரு குழாய்போல நிற்கும். தூரைத் தோண்டி எடுத்து, குழியைக் களியால் அரையடி அரையடியாகப் போட்டுக் கெட்டித்தாக வேண்டும். எலி வளை, நண்டு வளைக்கும் அதே வைத்தியம். வாயை மட்டும் அடைப்பது பல்லில் சொத்தையை விட்டுவிட்டு மேலே பூசுவது போல. கரிசல் மண்ணால் போட்ட கரை சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பில் முதல் மழை நேராக உள்ளே இறங்கும். கரைத் தலையில் ஓரடி கனத்துக்குச் சரளை கலந்த செம்மண் போர்த்தினால் வெடிப்பு வெகுவாகக் குறையும்.

கரையை உயர்த்தும்போது நடக்கும் தப்புதான் மிகப் பெரிது. பொக்லைன் வைத்து உள்வாயில் அள்ளிய வண்டலைப் பழைய கரையின் புல்மேலேயே கொட்டி, வாளியின் முதுகால் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பார்க்கக் கரை பருத்திருக்கும். புல் மட்கியதும் பழைய மண்ணுக்கும் புது மண்ணுக்கும் நடுவே வழுக்கும் ஒரு தளம் மிஞ்சும், ஆட்டத்தில் புது மண் அந்தத் தளத்தில் பாய்போல இறங்கும். முறைப்படி செய்வதென்றால், முதலில் அரையடி மேல்மண்ணை வேரோடு சீவி எடுக்க வேண்டும். பழைய சரிவில் படிக்கட்டுபோல வெட்டிக்கொள்ள வேண்டும். பிறகு முக்கால் அடிக்கு மிகாமல் மண்ணைப் பரப்பி, உருளை ஓட்டி, அடுத்த அடுக்கு. ஈரப்பதம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் பதம். பொலபொலவென்று உதிர்ந்தால் நீர் தெளிக்க வேண்டும், சப்பையாக ஒட்டினால் காயவிட வேண்டும்.

வண்டல் அள்ளுகிறவர்கள் கரையடியை ஒட்டித் தோண்டக் கூடாது. கரை இரண்டு ஆள் உயரமென்றால் பத்து ஆள் தூரமாவது தள்ளியே அள்ளுங்கள். அடியில் இருக்கும் மண்தான் சரிவுக்கு முட்டுக்கட்டை. அதை எடுத்துவிட்டு மேலே உயர்த்துவதில் பயனில்லை.

அதிர்வு வந்து கரையில் வெடிப்பும் விழுந்துவிட்டது என்றால்? மடைகள் எல்லாவற்றையும் திறந்துவிடலாமா?
— வாசகர், திருப்பாலைக்குடி

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறப்பது பலர் செய்யும் தவறு. உள்சரிவை வெளியிலிருந்து தாங்கிக்கொண்டிருப்பதே கண்மாய் நீர்தான். அது மளமளவென்று இறங்கும்போது கரைக்குள் ஊறிய நீர் அதே வேகத்தில் வடியாது. பாரம் அப்படியே இருக்க, தாங்கல் மட்டும் போனால் உள்சரிவு வழுக்கும். ஒரு நாளைக்கு ஓரடிக்கு மேல் மட்டம் இறங்காதபடி திறப்பது நிதானமான அளவு. கரை உடையும் தறுவாயில் இருந்தால் பேச்சே வேறு. அப்போது கீழே இருப்பவர்களை வெளியேற்றுவதுதான் முதல் வேலை.

வெடிப்பில் இரண்டு வகை. கரையின் நீளவாக்கில் ஓடுவது ஒன்று. அதன் இரு முனையும் ஒரே பக்கமாகப் பிறைபோல வளைந்திருந்தால், அந்தப் பக்கத்து மண் இறங்கத் தயாராகிவிட்டது. கரையின் குறுக்கே ஓடுவது இன்னொன்று. இது சிறிதாகத் தெரிந்தாலும் உள்வாயிலிருந்து வெளிவாய்க்கு நீர் போக நேர்வழி, ஆகையால் கூடுதல் அபாயம்.

பிறைவெடிப்பாக இருந்தால் அதன் இருபுறமும் ஒரு முழம் தள்ளி இரண்டு ஆப்பு அடித்து, தலையில் ஆணி வைத்து, இடைவெளியைக் காலையும் மாலையும் அளந்து எழுதுங்கள். அளவு கூடிக்கொண்டே போனால் கரைமேல் வண்டி, டிராக்டர் எதுவும் போகக் கூடாது. மழை இறங்காமல் தார்ப்பாயால் மூடி ஓரத்தில் மண் மூட்டை வையுங்கள். ஆட்டத்தின் பின்னதிர்வுகள் அடங்கி மட்டமும் இறங்கிய பிறகுதான் பழுது பார்ப்பது. வெடிப்புக்குள் சுண்ணாம்புக் கரைசலை ஊற்றிவிட்டுத் தோண்டினால் வெள்ளைக் கோடு எதுவரை போகிறது என்று தெரியும். கோடு முடிகிற இடத்துக்குக் கீழே இன்னும் ஓரடி தோண்டி, பக்கங்களைச் சாய்வாக வெட்டி, பதமான களியால் அடுக்கடுக்காகக் கெட்டிக்க வேண்டும். மேலே மண்ணைத் தூவி வெடிப்பை மறைப்பவர் அடுத்த ஆண்டு அதே இடத்தைத் தேட வேண்டியிருக்கும்.

வெளிக்கரை அடியில் ஊற்றுக் கிளம்பினால் நீரின் நிறத்தைப் பாருங்கள். தெளிவாக வந்தால் கவனித்தால் போதும். கலங்கலாக வந்து வாயைச் சுற்றி மணல் கூம்பு கட்டினால் கரையின் வயிறு அரிக்கப்படுகிறது. அந்த வாயைச் சாக்கை வைத்து அடைக்காதீர்கள், இன்னோர் இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். சுற்றிலும் மணல் மூட்டையால் வட்டமாக உறை கட்டி, உள்ளே நீர் ஏறவிடுங்கள். ஏறிய நீரின் பாரம் ஊற்றின் வேகத்தைக் குறைக்கும். நீர் தெளிகிற உயரம் வரை கட்டினால் போதும். உறைக்குள் முதலில் அரையடி பருமணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் முக்கால் ஜல்லி. இந்த வரிசை மாறக் கூடாது: மண் தங்க வேண்டும், நீர் மட்டும் போக வேண்டும். இதற்கிடையே நீர்வளத்துறைப் பொறியாளருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லிவிடுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

தனுஷ்கோடி அழிந்தது நில அதிர்வாலா?
— வாசகர், தங்கச்சிமடம்

இல்லை. 1964 டிசம்பர் 22, 23 இரவில் வந்த புயலும் அது தூக்கிவந்த கடலும்.

ராமேசுவரத்தில் எங்கே தோண்டினாலும் மணல், ஆறேழு அடியில் தண்ணீர். இந்த மணலும் கூழாகுமா? வீட்டுக்கு என்ன செய்யலாம்?
— வாசகி, ராமேசுவரம்

தளர்ந்த மணல், மேலே வந்த நிலத்தடி நீர், போதிய ஆட்டம் என்று மூன்றும் கூட வேண்டும். உங்களிடம் முதல் இரண்டும் இருக்கலாம், மூன்றாவதற்கு உங்கள் மண்டலத்தில் வாய்ப்புக் குறைவு. தீவின் பல இடங்களில் மணலுக்கு அடியிலேயே பவளச் சுண்ணாம்புக்கல் அடுக்கு வந்துவிடுவதும் உங்கள் பக்கம் சாதகம்.

பிள்ளைகளுக்கு இதைக் காட்ட ஒரு வாளி போதும். பாதி வாளித் தண்ணீரில் மணலை மெல்லத் தூவி முக்கால் வாளி வரை படியவிடுங்கள். மேலே நிற்கும் நீரை மணல் மட்டத்துக்கு வடித்துவிட்டு, அரைச் செங்கலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒரு மூடிய காலி டப்பாவை மணலுக்குள் புதைத்துவையுங்கள். வாளியின் பக்கத்தை ரப்பர் சுத்தியலால் பத்துப் பதினைந்து முறை விடாமல் தட்டினால் செங்கல் சாய்ந்து அமிழும், டப்பா மேலே மிதந்து வரும், மணல்மேல் நீர் கசியும். செங்கல் உங்கள் வீடு, டப்பா உங்கள் செப்டிக் டேங்க். அப்படியே மறுபடி தட்டுங்கள். மணல் இறுகிவிட்டதால் இம்முறை அவ்வளவாக அசையாது.

மாடி வீடு கட்டுவதென்றால் மண் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாயை 45 சென்டிமீட்டர் இறக்குவார்கள். கடைசி 30 சென்டிமீட்டருக்கு எத்தனை அடி விழுந்தது என்பதே எண். 10க்குக் கீழ் என்றால் தளர்ந்த மணல், 30க்கு மேல் என்றால் நல்ல இறுக்கம். ஒற்றைத் தள வீட்டுக்கு, அஸ்திவாரக் குழியின் அடிமணலை நீர் விட்டுத் தகடு அதிர்வுக் கருவியால் இறுக்கி, வீட்டைச் சுற்றி இடைவெளி விடாமல் பிளிந்த் பீம் (அஸ்திவாரத்தின்மேல் ஓடும் கான்கிரீட் உத்திரம்) ஓட்டினால் போதுமானது. ஒரு மூலை இறங்கினாலும் வீடு பிளக்காமல் அந்தப் பீம் இழுத்துப் பிடிக்கும்.

குழி தோண்டும்போதுதான் உண்மையான ஆபத்து, அதற்கு நில அதிர்வே வேண்டாம். ஈர மணல் செங்குத்தாக நின்று ஏமாற்றும். வெயிலில் காய்ந்ததும், பக்கத்தில் ஒரு லாரி போனதும், சொல்லாமல் விழும். ஐந்தடிக்கு மேல் போனால் பலகை முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பக்கங்களைச் சாய்வாக வெட்ட வேண்டும். தோண்டிய மணலை விளிம்பிலிருந்து ஐந்தடி தள்ளிக் கொட்டுங்கள். உறைகிணறு இறக்குகிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மூக்கையூர்ப் பக்கத்து மணல்மேடுகள் அதிர்ந்தால் ஊர்மேல் வந்துவிடுமா?
— வாசகர், சாயல்குடி

காய்ந்த மணல் தனக்குரிய சாய்வில், அதாவது 33 பாகையை ஒட்டி, தானே நின்றுகொள்ளும். ஆடினால் மேல்தோல் வழியும், மேட்டின் உயரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மேட்டின் அடியை வெட்டி மணல் அள்ளிய இடம் இருந்தால் அங்கே பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

கடலுக்கு அடியிலும் மண் சரிந்து சுனாமி வரும் என்கிறார்கள். 2004இல் வந்தது அப்படித்தானா? படகில் இருக்கும்போது என்ன செய்வது?
— மீனவர், தொண்டி

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடல்தரையே நெடுந்தூரத்துக்கு எழும்பி நீரைத் தள்ளியது. அது சரிவுச் சுனாமி இல்லை. உங்கள் கடற்கரைக்கு இலங்கை மறைப்பாக நின்றது. அந்த மறைப்பு இல்லாத நாகப்பட்டினம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.

சரிவால் வந்த சுனாமிகளும் உண்டு. 1929 நவம்பர் 18இல் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே 7.2 அளவு அதிர்வில் கடல்சரிவு மண் புரண்டு ஓடி, கடலடியில் கிடந்த 12 தந்திக் கம்பிகளை அறுத்தது. எந்தக் கம்பி எப்போது அறுந்தது என்பதை வைத்தே மண்ணின் வேகத்தைப் பின்னால் கணக்கிட்டார்கள். 1998 ஜூலை 17இல் பப்புவா நியூ கினியில் அதிர்வின் அளவு 7தான், ஆனால் அடுத்து நடந்த கடலடிச் சரிவால் எழுந்த அலையில் 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இதில் சங்கடம், அதிர்வின் அளவைப் பார்த்து அலையை மதிப்பிட முடியாது, அலையும் சில நிமிடத்தில் வந்துவிடும்.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த தட்டையான கடல், பெரிய சரிவுக்கு அங்கே இடமில்லை. மன்னார் வளைகுடா தெற்கே போகப் போக ஆழத்துக்கு இறங்கும், சரிவுக்கு வேண்டிய சாய்வு அங்கே உண்டு. சுனாமி எச்சரிக்கை வந்தால் ஆழ்கடலுக்குப் போ என்று பொதுவாகச் சொல்வார்கள். நூறு மீட்டர் ஆழமாவது வேண்டும் என்பது அதன் பொருள். பாக் விரிகுடாவில் அந்த ஆழமே கிடையாது. ஆகவே கரையில் இருந்தால் படகை எடுக்கப் போகாதீர்கள். கரையருகே தொழிலில் இருந்தால் வலையை அறுத்துவிட்டுக் கரையேறி உள்ளே போங்கள். நிற்க முடியாத அளவு நிலம் ஆடினாலோ, ஒரு நிமிடம் போல விடாமல் ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ எச்சரிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். தொண்டி, மண்டபம் பக்கம் உயரமான இடம் தேடினால் கிடைக்காது. தூண் வைத்துக் கட்டிய கான்கிரீட் கட்டடத்தின் மேல்மாடிதான் அருகில் உள்ள மேடு. ராமேசுவரத்தில் கெந்தமாதன பர்வதம் இருக்கிறது.

ஆழ்குழாய்க் கிணறு போட்டால் நில அதிர்வு வருமா?
— வாசகர், ஏர்வாடி

வராது, உப்புத்தண்ணீர் வரும். பெரிய அணையில் நீர் தேக்கி அதிர்வு வந்தது உண்டு, 1967 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப் பக்கம் வந்தது அதற்கு உதாரணம்.

என் மகன் தைவானில் வேலை பார்க்கிறான். விடுமுறையில் மலைக்குப் போவானாம். அவனுக்கு என்ன சொல்வது?
— வாசகி, கீழக்கரை

போக வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டான், எப்படி நடந்துகொள்வது என்று சொல்லுங்கள். 2024 ஏப்ரல் 3 அன்று ஹுவாலியன் அதிர்வில் இறந்தவர்களில் பெரும்பாலோர் கட்டடத்துக்குள் இருந்தவர்கள் இல்லை. தாரோகோ பள்ளத்தாக்குப் பக்கம் பாதையிலும் சாலையிலும் பாறை விழுந்து இறந்தவர்கள்.

நிலம் ஆடும்போது வெட்டிய மலைச்சுவரை ஒட்டி நிற்கக் கூடாது, சாலையின் பள்ளத்துப் பக்க விளிம்பிலும் நிற்கக் கூடாது. விளிம்பு பெரும்பாலும் வெட்டிய மண்ணைக் கொட்டி அகலப்படுத்தியது, முதலில் போவது அதுதான். மலைமுகட்டில் ஆட்டம் அடிவாரத்தைவிடக் கூடுதலாக இருக்கும். கல் உருண்டு வரும் சத்தம் கேட்டால் கீழ்நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் விலக வேண்டும். கீழ்நோக்கி ஓடினால் கல்லோடு பந்தயம் வைத்ததாகும். ஓடைக்குள் இறங்கவே கூடாது.

ஆட்டம் நின்ற பிறகும் பின்னதிர்வில் தளர்ந்த கல் விழும். ஓடிக்கொண்டிருந்த ஆறு சட்டென்று வற்றினால் மேலே சரிவு விழுந்து அடைத்திருக்கிறது என்று பொருள், அது உடைந்து வரும் முன் மேட்டுக்குப் போய்விட வேண்டும். சீனாவில் 2008 மே வென்சுவான் அதிர்வுக்குப் பின் தாங்ஜியாஷானில் இப்படி ஓர் ஏரியே உண்டாகி, கால்வாய் வெட்டி வடிக்கும்வரை கீழே இருந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை இடம்பெயர்த்தார்கள். மழை பெய்த மறுநாள் அதிர்வு வந்தால் நிலைமை இன்னும் மோசம். 2018 செப்டம்பரில் ஜப்பானின் ஹொக்கைடோவில் சூறாவளி கடந்த அடுத்த நாளே 6.6 அளவு அதிர்வு வந்து, எரிமலைத் துகள் படிந்த குன்றுகள் ஆயிரக்கணக்கான இடங்களில் சரிந்தன. புயல் வந்துபோன வாரம் மலைப்பயணம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.

2024இல் வயநாட்டில் நடந்தது நில அதிர்வால் வந்த சரிவா?
— வாசகர், பெரியபட்டினம்

ஜூலை 30 விடியலுக்கு முன் நடந்தது கனமழையால் வந்த சரிவு. பூமிக்குள் இடிச்சத்தம் கேட்டதாக மக்கள் சொல்வதுண்டு. பெரும் மண்ணும் பாறையும் புரளும்போது தரை அதிரத்தான் செய்யும்; அந்த அதிர்வு சரிவின் விளைவு.

பாலத்துக்கு ஏறும் சாலை மண்மேட்டின்மேல்தான் போகிறது. அதிர்வுக்குப் பிறகு அதில் வண்டி ஓட்டலாமா?
— ஓட்டுநர், மண்டபம்

பாலம் ஆழத்தில் ஊன்றிய தூண்களில் நிற்கிறது, மண்மேடு தன் பாரத்தில் நிற்கிறது. ஆட்டத்தில் மண்மேடு சில அங்குலம் இறங்கும், பாலம் இறங்காது. அதனால் இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு படி விழும். இரவில் வேகமாக வந்தால் அந்தப் படி தெரியாது. ஆட்டம் உணர்ந்த அன்று பாலத்துக்கு நூறு அடி முன்பே நிறுத்தி, இறங்கி நடந்து பாருங்கள். மண்மேட்டின் தோள்பட்டையில் நீளவாக்கில் வெடிப்பு இருந்தாலோ, ஓரக் கல்லும் தடுப்புக் கம்பியும் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தாலோ பாரவண்டி போகக் கூடாது. படி நான்கு விரல் உயரத்துக்கு மேல் இருந்தால் கிளையையோ முக்கோணப் பலகையையோ குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி மறித்துவிட்டு, பிறகு அதிகாரிகளுக்குப் போன் போடுங்கள்.